ஊதாவா, சிவப்பா? ஆன்டிபயாட்டிக் கேட்பதற்கு முன் ஒரு கேள்வி

ஊரிலிருந்து வாட்ஸ்அப்பில் வரும் பிடிஎஃப்களிலேயே வயிற்றைக் கலக்குவது எது என்று கேட்டால், ஆஸ்பத்திரி கல்ச்சர் ரிப்போர்ட் என்பேன். அப்பாவுக்கு யூரின் இன்ஃபெக்ஷன், அம்மாவுக்கு நெஞ்சுச் சளி, ஐசியுவில் இருக்கும் பெரியப்பாவுக்கு ரத்தத்தில் கிருமி என்று ஏதாவது ஒன்று. தம்பியோ மச்சானோ போனில் போட்டோ எடுத்து அனுப்புவார்கள். மேலே கிராம் நெகட்டிவ் பேசில்லை என்று ஒரு வரி இருக்கும். கீழே இருபது மருந்துகளின் பெயர், ஒவ்வொன்றுக்கும் நேராக எஸ் அல்லது ஆர். எஸ் என்றால் மருந்து கேட்கும், ஆர் என்றால் கேட்காது. அடுத்த நிமிஷமே குடும்ப குரூப்பில் யாராவது ஒருத்தர் கேட்டுவிடுவார்: இதைவிட ஸ்ட்ராங்கான ஆன்டிபயாட்டிக் இல்லையா? காசைப் பத்திக் கவலை வேண்டாம்னு டாக்டர்கிட்ட சொல்லுங்க!

அந்த முதல் வரியில் இருக்கும் கிராம் எடைக்குச் சொல்லும் கிராம் இல்லை. அது ஒரு மனிதரின் குடும்பப் பெயர். நான் வேலை பார்க்கும் கோபன்ஹேகன் நகரத்தில் பிறந்து, இதே நகரத்தில் பேராசிரியராக இருந்து மறைந்த ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம். 2019 செப்டம்பர் 13 அன்று, அவருடைய 166-வது பிறந்தநாளுக்கு, கூகுள் தன் முகப்பில் அவர் படத்தைப் போட்டது ஞாபகம் இருக்கலாம். உலகத்தில் எந்த மூலையில் இருக்கும் லேபிலும் தினமும் சொல்லப்படும் பெயர் அது. ஆனால் அவர் யார், என்ன செய்தார் என்று கேட்டால் பாதிப்பேருக்குத் தெரியாது.

நான் டாக்டர் இல்லை, ஐ.டி. ஆள். கோட் எழுதுவது தொழில். ஆனால் கிராமின் கதையைப் படித்த பிறகு, அந்த ‘ஸ்ட்ராங்கான மருந்து’ என்ற வார்த்தையே தப்பு என்று எனக்குப் புரிந்தது. அதைத்தான் இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

செடி கொடியிலிருந்து மருத்துவத்துக்கு

கிராம் 1853 செப்டம்பர் 13 அன்று பிறந்தார். அப்பா சட்டப் பேராசிரியர். பையனுக்கோ சட்டத்தைவிடச் செடி கொடிகள் மேல்தான் ஆசை. கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தில் இயற்கை அறிவியல் படித்தார். ஜாபெட்டஸ் ஸ்டீன்ஸ்ட்ரப் என்ற புகழ்பெற்ற விலங்கியல் அறிஞரிடம் தாவரவியல் உதவியாளராக இருந்தார். மைக்ராஸ்கோப்பைப் பிடித்துப் பழகியது அந்தக் காலத்தில்தான். செடியிலிருந்து மருந்து, மருந்திலிருந்து மருத்துவம் என்று படிப்படியாகப் பாதை மாறியது. மருத்துவம் படித்தார், மனித ரத்தத்தின் சிவப்பணுக்களை அளந்து ஆராய்ச்சி செய்தார்.

அந்த நாட்களில் மருத்துவத்தில் எல்லோர் வாயிலும் கிருமிகள்தான். 1882-ல் ராபர்ட் கோஹ் காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்திருந்தார். பெர்லினில் ஒவ்வொரு நோய்க்கும் ஒரு கிருமியைத் தேடி ஆளாளுக்கு மைக்ராஸ்கோப்போடு உட்கார்ந்திருந்தார்கள். இன்று ஏஐ என்றால் எல்லோரும் சான் பிரான்சிஸ்கோவுக்கு ஓடுகிற மாதிரி, அன்று கிருமி என்றால் ஜெர்மனி. 1883-ல் கிராமும் கிளம்பினார். ஸ்ட்ராஸ்பர்க்கில் மருந்தியல், பிறகு பெர்லின். மொழி வேறு, ஊர் வேறு, வயது முப்பது. படிப்பை முடித்துவிட்டு வேலைக்காக வெளிநாடு வந்த நம்மில் பலருக்கு அந்த நிலைமையை விளக்க வேண்டியதில்லை.

பெர்லின் பிணவறையில்

பெர்லினில் அவர் சேர்ந்தது கார்ல் ஃபிரிட்லேண்டர் என்பவரிடம். வேலை நகர மருத்துவமனையின் பிணவறையில். நிமோனியாவில் இறந்தவர்களின் நுரையீரலை மெல்லிய சீவல்களாக நறுக்கி, அதில் கிருமி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அன்றைக்கு நிமோனியா என்றால் பாதி உயிர் போன மாதிரி. எது அதற்குக் காரணமான கிருமி என்பதில் பெரிய சண்டை. ஃபிரிட்லேண்டர் தான் பார்த்த ஒரு கிருமியைச் சொன்னார். ஆல்பர்ட் ஃபிராங்கல் என்ற இன்னொருவர் வேறு ஒன்றைச் சொன்னார்.

கிராமுக்கு இருந்த தலைவலி வேறு. சாயம் போட்டால் கிருமியும் சாயம் ஏறிக்கொள்ளும், சுற்றியிருக்கும் நுரையீரல் சதையும் ஏறிக்கொள்ளும். கூட்டத்தில் ஆளைத் தேடுகிற கதை. சதையில் சாயம் போக வேண்டும், கிருமியில் மட்டும் நிற்க வேண்டும். அவர் செய்து பார்த்த வழி இதுதான்: முதலில் ஜென்ஷன் வயலட் என்ற ஊதாச் சாயம். அதன்மேல் அயோடின் கலந்த லூகால் கரைசல். கடைசியில் ஆல்கஹாலில் கழுவுவது.

இந்த மூன்றையும் எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கிறதா? சின்ன வயதில் வாய்ப்புண்ணுக்குக் கம்பவுண்டர் தடவிய ஊதா மருந்துதான் ஜென்ஷன் வயலட். லூகால் கரைசல் என்பது சைக்கிளிலிருந்து விழுந்தால் முட்டியில் போடும் டிஞ்சருக்கு நெருங்கிய சொந்தம். மூன்றாவது, ஊசி போடும் முன் பஞ்சில் தொட்டுத் தேய்க்கும் ஸ்பிரிட். நம்ம ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்து அலமாரியில் இருந்த மூன்று பாட்டில்களை வைத்து அந்த மனிதர் மருத்துவத்தையே இரண்டாகப் பிரித்துவிட்டார்.

ஆல்கஹாலில் கழுவியதும் சதை வெளுத்தது, நிமோனியாக் கிருமிகள் ஊதாவாகவே நின்றன. நினைத்தது நடந்துவிட்டது. ஆனால் எல்லாக் கிருமியும் அப்படி நிற்கவில்லை. டைபாய்டு கிருமி சாயத்தை விட்டுவிட்டது, சதையோடு சேர்ந்து அதுவும் வெளுத்துப் போனது.

எங்கள் வேலையில் இதற்குப் பெயர் ஃபெயிலான டெஸ்ட் கேஸ். பாதி இடத்தில் வேலை செய்கிறது, பாதி இடத்தில் செய்யவில்லை என்றால் ரிலீஸைத் தள்ளிப்போடுவோம், இல்லையென்றால் அந்தப் பாதியைப் பற்றிப் பேசாமல் டெமோ காட்டுவோம். கிராம் இரண்டையும் செய்யவில்லை. 1884-ல், ஒரு ஜெர்மன் மருத்துவப் பத்திரிகையில், சில பக்கமே வரும் ஒரு சின்னக் கட்டுரை எழுதினார். எதில் சாயம் நிற்கிறது, எதில் நிற்கவில்லை என்று இரண்டையும் சொன்னார். முறை இன்னும் குறையுள்ளதுதான், முழுமை பெறாததுதான், ஆனாலும் மற்றவர்கள் கையில் இது பயன்படும் என்று நம்புவதாகச் சொல்லி முடித்தார். அவ்வளவுதான். பெரிய கண்டுபிடிப்பு என்று மேளம் கொட்டவில்லை.

அந்தக் குறைதான் கடைசியில் கண்டுபிடிப்பாக மாறியது. சாயம் நின்றவை கிராம் பாசிட்டிவ், நிற்காதவை கிராம் நெகட்டிவ். சில வருஷம் கழித்து, வெளுத்துப்போனவற்றையும் பார்க்க வசதியாக, கார்ல் வெய்கர்ட் என்பவர் கடைசியில் சஃப்ரானின் என்ற சிவப்புச் சாயத்தைச் சேர்த்தார். அதனால்தான் இன்று ஸ்லைடில் ஒன்று ஊதா, மற்றது இளஞ்சிவப்பு.

நிமோனியாச் சண்டையும் ஒரு முடிவுக்கு வந்தது. இரண்டு பேர் சொன்னதும் இரண்டு வேறு கிருமிகள். ஃபிராங்கல் சொன்னது ஊதாவாக நிற்கும் நிமோகாக்கஸ், பெரும்பாலான நிமோனியாவுக்கு அதுவே காரணம். ஃபிரிட்லேண்டர் சொன்னது சாயத்தை விட்டுவிடும் வேறொரு கிருமி, இன்று அதன் பெயர் கிளெப்சியெல்லா. அவருடைய ஆய்வகத்தில் பிறந்த சாயமே இரண்டையும் பிரித்துக் காட்ட உதவியது. கிளெப்சியெல்லா என்ற பெயரைக் கொஞ்சம் மனசில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறேன்.

சாயம் ஏன் ஒன்றில் நின்றது, மற்றதில் போனது?

இது கிராமுக்கே தெரியாது. ரசாயனக் காரணத்தை எலக்ட்ரான் மைக்ராஸ்கோப் வைத்து நேரடியாகக் காட்டியது 1983-ல்தான், கிட்டத்தட்ட நூறு வருஷம் கழித்து.

விஷயம் பாக்டீரியாவின் சுவரில் இருக்கிறது. நம் உடம்பு செல்லுக்குச் சுவர் கிடையாது. பாக்டீரியாவுக்கு உண்டு. உள்ளே அழுத்தம் அதிகம், சுவர் இல்லாவிட்டால் பலூன் மாதிரி வெடித்துவிடும். அந்தச் சுவரின் பொருளுக்குப் பெப்டிடோகிளைக்கன் என்று பெயர். ஊர்த் திண்ணையில் போட்டிருக்கும் கயிற்றுக் கட்டிலை நினைத்துக்கொள்ளுங்கள். நீளவாக்கில் ஓடும் கயிறுகள், இரண்டு வகைச் சர்க்கரையை மாற்றி மாற்றிக் கோர்த்த சங்கிலிகள். குறுக்கே கட்டும் கயிறுகள், அமினோ அமிலத்தால் ஆன சின்னத் துண்டுகள். இரண்டையும் முடிச்சுப் போட்டு இறுக்கினால்தான் கட்டில் ஆளைத் தாங்கும்.

கிராம் பாசிட்டிவ் பாக்டீரியாவில் இந்தக் கட்டில்கள் ஒன்றின்மேல் ஒன்றாகப் பல அடுக்கு, 20 முதல் 80 நானோமீட்டர் கனம். கிராம் நெகட்டிவில் ஒன்றிரண்டு அடுக்குதான், சில நானோமீட்டர். ஆனால் அதற்கு வெளியே இன்னொரு உறை இருக்கிறது. கொழுப்பும் சர்க்கரையும் சேர்ந்த ஒரு எண்ணெய்ப் படலம். அதில் அங்கங்கே போரின் என்னும் குட்டிக் குட்டி வாசல்கள்.

ஊதாச் சாயம் இரண்டுக்குள்ளும் போகும். அயோடின் அதோடு சேர்ந்து பெரிய கட்டியாகும். ஆல்கஹால் பட்டதும் கனமான சுவர் நீரிழந்து சுருங்கி, ஓட்டைகள் இறுகி, கட்டி உள்ளேயே மாட்டிக்கொள்கிறது. மெல்லிய சுவர்க்காரனிடம் ஆல்கஹால் வெளி எண்ணெய்ப் படலத்தைக் கரைத்துவிடும். உள்ளே இருக்கும் ஒற்றை அடுக்கால் சாயத்தைப் பிடித்து வைக்க முடியாது. கனத்த ஜமக்காளத்தில் பட்ட கறை போகாது, நைலான் புடவையில் பட்டது ஒரே அலசலில் போய்விடும். அதே கணக்கு.

ஆக, கிராம் பார்த்த நிறம் வெறும் நிறம் இல்லை. எதிரியின் கோட்டைச் சுவர் எந்த மாதிரி கட்டப்பட்டது என்ற தகவல். கோட்டை எப்படி என்று தெரிந்தால்தானே எந்த ஆயுதம் என்று சொல்ல முடியும்?

அவர் பார்க்காமல் போன பாதி

பெர்லினிலிருந்து திரும்பிய கிராம், சாயத்தை விட்டுவிட்டு மருந்துப் பக்கம் போனார். 1891-ல் கோபன்ஹேகனில் மருந்தியல் பேராசிரியர், 1900-ல் மருத்துவப் பேராசிரியர். அவர் மருத்துவம் பார்த்த ஃபிரெடெரிக்ஸ் மருத்துவமனையின் பழைய கட்டடம் இன்றும் பிரெட்கேட் தெருவில் இருக்கிறது, இப்போது அது டிசைன் மியூசியம். டூரிஸ்ட்டுகள் நாற்காலி பார்க்கப் போகும் இடம்.

1901 முதல் 1921 வரை டென்மார்க்கின் மருந்துநூல் ஆணையத்துக்கு அவர்தான் தலைவர். எந்த மருந்து அதிகாரப்பூர்வமாக நாட்டில் இருக்கலாம் என்று முடிவு செய்யும் இடம் அது. பழக்கத்துக்காக மட்டுமே நூற்றாண்டுகளாகத் தொடர்ந்துவந்த, பயன் நிரூபிக்கப்படாத வைத்தியங்களைக் கழித்துக்கட்டுவதில் அவர் உறுதியாக நின்றார். 1923-ல் ஓய்வு பெற்றார், 1938 நவம்பர் 14 அன்று 85 வயதில் காலமானார்.

தன் சாயத்துக்கும் மருந்துக்கும் உள்ள தொடர்பின் முன்னோட்டத்தை அவர் வாழ்நாளிலேயே மற்றவர்கள் பார்த்தார்கள். 1912-ல் அமெரிக்காவில் ஜான் சர்ச்மேன் என்ற மருத்துவர், ஜென்ஷன் வயலட் கிராம் பாசிட்டிவ் கிருமிகளைத்தான் பெரும்பாலும் அடக்குகிறது, நெகட்டிவ் கிருமிகளைத் தொடுவதில்லை என்று காட்டினார். 1928-ல் லண்டனில் அலெக்சாண்டர் ஃபிளெமிங் பெனிசிலினைக் கண்டார். 1929-ல் வந்த அவருடைய கட்டுரையிலேயே அதே பிரிவினை தெரிகிறது. ஸ்டெஃபைலோகாக்கஸ், ஸ்ட்ரெப்டோகாக்கஸ், நிமோகாக்கஸ் எல்லாம் அடங்கின. டைபாய்டு வகைக் கிருமிகள் அசையவே இல்லை. கொனோரியா கிருமி மாதிரி சில விதிவிலக்குகள் இருந்தன, அது கிராம் நெகட்டிவாக இருந்தும் பெனிசிலினுக்கு அடங்கியது. ஆனால் மொத்தத்தில் கோடு விழுந்த இடம், 1884-ல் ஸ்லைடில் விழுந்த அதே இடம்.

பெனிசிலின் ஆக்ஸ்ஃபோர்டில் ஒரு நோயாளியின் உடம்பில் ஏறியது 1941-ல். கிராம் இறந்து இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. தன் ஊதாச் சாயம் ஒரு நாள் எந்த மருந்து என்ற முடிவுக்கே வழிகாட்டும் என்பதை அந்த மனிதர் பார்க்கவே இல்லை.

ஸ்ட்ராங் இல்லை, பொருத்தம்

இப்போது அந்தக் குடும்ப குரூப் கேள்விக்கு வருவோம்.

பெனிசிலின் செய்யும் வேலை என்ன? கயிற்றுக் கட்டிலில் முடிச்சுப் போடும் ஒரு என்சைம் இருக்கிறது. குறுக்குக் கயிறின் நுனியில் இரண்டு டி-அலனின் என்ற அமினோ அமிலங்கள் இருக்கும், அதைப் பிடித்துத்தான் முடிச்சு விழும். பெனிசிலின் பார்க்க அந்த நுனி மாதிரியே இருக்கும். என்சைம் ஏமாந்து அதைப் பிடிக்கும், பிடித்த கை திரும்பி வராது. முடிச்சு விழாமல் சுவர் பலவீனமாகி பாக்டீரியா வெடிக்கும். நமக்குச் சுவரே இல்லை என்பதால், அலர்ஜி இல்லாதவரை நம் செல்லுக்கு இதனால் பாதிப்பு இல்லை.

ஆனால் அந்த என்சைமிடம் போய்ச் சேர வேண்டுமே! கிராம் நெகட்டிவின் வெளி உறையில் வாசல் சின்னது. பழைய பெனிசிலினுக்கு அதில் நுழைவது கஷ்டம். 1961-ல் வந்த ஆம்பிசிலினில் ஒரு சின்ன அமினோ தொகுதியைச் சேர்த்தார்கள், அதனால் ஈ கோலை மாதிரிக் கிருமிகளின் வாசலில் நுழைய முடிந்தது. நம் வீட்டு அலமாரியில் கிடக்கும் அமாக்சிசிலின் அதன் தம்பி.

அடுத்தது வான்கோமைசின். கடைசி நேரத்து மருந்து என்று பேர் வாங்கியது. அது என்சைமைப் பிடிக்காமல், கயிறின் நுனியிலேயே போய் உட்கார்ந்துகொள்ளும். ஆனால் மூலக்கூறு ரொம்பப் பெரிசு, கிராம் நெகட்டிவின் வாசலில் நுழையவே நுழையாது. ஈ கோலையால் வந்த யூரின் இன்ஃபெக்ஷனுக்கு எத்தனை பாட்டில் வான்கோமைசின் ஏற்றினாலும் பிரயோஜனம் இல்லை. கிராம் நெகட்டிவ் ரிப்போர்ட்டில் பல நேரம் அந்தப் பெயரே இருக்காது, காரணம் இதுதான்.

நேர் எதிர்ப்பக்கம் கோலிஸ்டின். இதுவும் கடைசி நேரத்து மருந்துதான். இது பிடிப்பது கிராம் நெகட்டிவின் வெளி எண்ணெய்ப் படலத்தை. அந்தப் படலமே இல்லாத ஸ்டெஃபைலோகாக்கஸ் மேல் இதற்கு வேலையே இல்லை. சுவரே இல்லாத மைக்கோபிளாஸ்மா என்று ஒரு கிருமி உண்டு, அதன்மேல் பெனிசிலின் குடும்பம் மொத்தமும் வீண். காசநோய்க் கிருமிக்கு மெழுகு மாதிரிச் சுவர், அதற்குக் கிராம் சாயமே சரியாக ஏறாது, மருந்தும் தனி ரகம்.

இதில் எது ஸ்ட்ராங், எது வீக்? அப்படி ஒரு வரிசையே கிடையாது. எந்தச் சுவருக்கு எந்த மருந்து என்பது மட்டும்தான் உண்டு. சர்வரில் எந்த போர்ட் திறந்திருக்கிறது என்று பார்க்காமல், ரொம்ப வேகமான நெட்வொர்க் கார்டு வாங்கிப் போட்டால் கனெக்ஷன் வந்துவிடுமா?

பாக்டீரியாவும் சும்மா இல்லை. வான்கோமைசினுக்கு எதிராக என்டிரோகாக்கஸ் செய்த வேலையைப் பாருங்கள். கயிறு நுனியில் இருந்த இரண்டு டி-அலனினில் கடைசியை எடுத்துவிட்டு, டி-லாக்டேட்டை வைத்துக்கொண்டது. ஒரே ஒரு ஹைட்ரஜன் பிணைப்பு போயிற்று. மருந்தின் பிடி சுமார் ஆயிரம் மடங்கு தளர்ந்தது.

கோபன்ஹேகன் பக்கம்

இந்த ஊருக்கு வந்த புதிதில் நம்மாளுங்க எல்லோரும் சொல்லும் புகார் ஒன்று உண்டு: இங்கே டாக்டர் மாத்திரையே தர மாட்டேங்கிறார். என் பையனுக்கு ஜுரம் வந்தபோது எனக்கும் அதே அனுபவம். விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து சிஆர்பி பார்த்தார், சில நிமிஷத்தில் எண் வந்தது, பாராசிட்டமால் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார். மூன்றாம் நாள் பையன் விளையாடப் போய்விட்டான். தொண்டையில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்று உறுதியானால் இங்கே முதலில் எழுதுவது இன்னமும் பழைய பெனிசிலின் வி. காரணம் எளிது. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிராம் பாசிட்டிவ், அந்தச் சுவருக்கு அந்தப் பழைய மருந்தே போதும். எல்லாக் கிருமியையும் சேர்த்து அடிக்கும் மருந்தைக் கொடுத்தால், குடலில் சும்மா இருக்கும் கிராம் நெகட்டிவ் கூட்டத்துக்கு இலவசமாகப் பயிற்சி கொடுத்த மாதிரி.

1995-ல் டென்மார்க் இன்னொன்றும் செய்தது. கோழியும் பன்றியும் சீக்கிரம் வளர, அவோபார்சின் என்ற மருந்தைத் தீவனத்தில் கலந்துகொண்டிருந்தார்கள். அது வான்கோமைசினின் உறவுக்காரன். பண்ணைகளில் வான்கோமைசினுக்கு அடங்காத என்டிரோகாக்கஸ் பெருகுவது தெரிந்ததும் அதைத் தடை செய்தார்கள். மனிதர்களிலும் விலங்குகளிலும் ஆன்டிபயாட்டிக் பயன்பாட்டையும் எதிர்ப்பையும் கணக்கெடுக்கும் டான்மாப் என்ற திட்டத்தையும் அதே வருஷம் தொடங்கினார்கள்.

சென்னைப் பக்கம்

இப்போது கிளெப்சியெல்லாவுக்கு வருகிறேன். ஃபிரிட்லேண்டர் நிமோனியாவுக்குக் காரணம் என்று சொன்ன, கிராம் சாயம் நிற்காத அதே கிருமி.

2008-ல் ஸ்வீடனில் ஒரு நோயாளியிடம், டெல்லி மருத்துவமனையில் இருந்துவிட்டு வந்தவர், கிளெப்சியெல்லாவில் ஒரு புது என்சைம் கண்டுபிடிக்கப்பட்டது. கார்பபெனெம் என்ற கடைசிக் கட்ட மருந்துகளையே உடைத்துப் போடும் என்சைம். அதற்கு என்டிஎம்-1 என்று பெயர் வைத்தார்கள், முதல் இரண்டு எழுத்தும் நியூ டெல்லி. மெல்லிய சுவருக்கும் வெளி உறைக்கும் நடுவில் இருக்கும் சந்தில் இந்த என்சைம் காவல் நிற்கும். வாசலில் நுழைந்து வரும் மருந்தை அங்கேயே வெட்டிவிடும். 2010-ல் லான்செட் குடும்பத்துப் பத்திரிகையில் வந்த ஆய்வில், சென்னையிலும் ஹரியானாவிலும் பிரிட்டனிலும் பாகிஸ்தானிலும் இது பரவியிருப்பது தெரிந்தது. அந்த ஆய்வின் முதல் பெயர் சென்னைப் பல்கலைக்கழகத்து ஆய்வாளருடையது. பெயர் வைத்ததைப் பற்றி நாட்டில் பெரிய கூச்சல் எழுந்தது. ஆனால் 2012-ல் மருத்துவ அமைப்புகள் சென்னையில் கூடி, ஆன்டிபயாட்டிக் கட்டுப்பாட்டுக்கு வழி சொன்னார்கள். அதற்குச் சென்னைப் பிரகடனம் என்றே பெயர். 2014-ல் எச்1 அட்டவணை நடைமுறைக்கு வந்தது, பல ஆன்டிபயாட்டிக்குகளைச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது, விற்றதைப் பதிவு செய்ய வேண்டும். 2019-ல் பண்ணை விலங்குகளுக்குக் கோலிஸ்டின் கொடுப்பதற்கு இந்தியாவில் தடை வந்தது.

2017-ல் உலக சுகாதார நிறுவனம் புது மருந்து அவசரமாகத் தேவைப்படும் கிருமிகளைப் பட்டியலிட்டது. மிக அவசரம் என்ற முதல் வரிசையில் இருந்தவை எல்லாமே கிராம் நெகட்டிவ். 2019-ல் மட்டும் மருந்துக்கு அடங்காத கிருமிகளால் நேரடியாக உலகம் முழுக்க சுமார் 12.7 லட்சம் பேர் இறந்ததாக ஒரு பெரிய ஆய்வு கணக்கிட்டது. இரட்டை வேலி போட்ட கோட்டைக்குள் நுழையும் புது மருந்தைக் கண்டுபிடிப்பது அவ்வளவு கஷ்டம். இருப்பதை வீணடித்தால் அடுத்தது வரிசையில் நிற்கவில்லை.

நம் சூட்கேஸ்

ஊருக்குப் போய்த் திரும்பும்போது நம் பெட்டியில் இட்லிப்பொடிக்கும் ஊறுகாய்க்கும் நடுவில் என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். தெருமுனை மெடிக்கல் ஷாப்பில் வாங்கிய அசித்ரோமைசின், அமாக்சிசிலின் அட்டைகள். இங்கே டாக்டர் தர மாட்டார், குழந்தைக்கு ஜுரம் வந்தால் கைவசம் இருக்கட்டும் என்று அம்மா கட்டிக் கொடுப்பது. அன்புதான், சந்தேகமே இல்லை. ஆனால் சளி ஜுரத்தில் பெரும்பாலானது வைரஸ். அதற்குச் சுவரும் இல்லை, ஊதாவும் இல்லை, சிவப்பும் இல்லை. அந்த மாத்திரைக்கு அங்கே பிடிக்க ஒன்றுமே கிடையாது.

இங்கே பிறந்து வளரும் பிள்ளைகளுக்கு இது சுலபமாகப் புரிகிறது, பள்ளியிலேயே சொல்லித் தருகிறார்கள். தாத்தா பாட்டிக்கு போனில் எடுத்துச் சொல்ல அவர்களைவிட நல்ல ஆள் கிடையாது. பேரன் சொன்னால் தாத்தா கேட்பார்.

அடுத்த முறை ஊரிலிருந்து ரிப்போர்ட் வரும்போது, ஸ்ட்ராங்கான மருந்து கேட்காதீர்கள். டாக்டரிடம் மூன்று கேள்வி கேளுங்கள், மரியாதையாகவே கேட்கலாம். ஆன்டிபயாட்டிக் ஆரம்பிக்கும் முன் கல்ச்சருக்கு எடுத்தாச்சா? கிராம் சாயத்தில் என்ன வந்தது, பாசிட்டிவா, நெகட்டிவா? கல்ச்சர் முடிவு வந்த பிறகு, அந்தக் கிருமிக்கு மட்டும் வேலை செய்யும் மருந்துக்கு மாற்ற முடியுமா? உயிருக்கு ஆபத்தான நிலையில் முடிவுக்காகக் காத்திருக்காமல் அவர்கள் மருந்தைத் தொடங்குவார்கள், அது சரிதான். ஆனால் கிராம் சாயத்துக்கு ஆகும் நேரம் சில நிமிஷம். கல்ச்சருக்கு ஓரிரு நாள். நடுவில் இருக்கும் அந்த இடைவெளியில் டாக்டர் கையில் இருக்கும் முதல் துப்பு, 1884-ல் பிணவறையில் உட்கார்ந்த முப்பது வயது டென்மார்க்காரர் விட்டுச்சென்ற அந்த நிறம்தான்.

அப்புறம் அந்த சூட்கேஸ் அட்டைகள். குப்பையிலோ சிங்க்கிலோ போடாதீர்கள். இங்கே எந்த அபோதேக்கில் கொடுத்தாலும் வாங்கிக்கொள்வார்கள், நீங்கள் இருக்கும் நாட்டிலும் அப்படி வாங்குகிறார்களா என்று பக்கத்து மருந்துக்கடையில் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். பெட்டியில் மிச்சமாகும் இடத்துக்கு இன்னொரு பாக்கெட் இட்லிப்பொடி வைத்துக்கொள்ளலாம்.